பிரட்டும் வெண்ணெயும் சந்திக்காத வீடு

ஜூன் 24, திங்கள்

கோவில்பட்டி வாழ் பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று மாலை ஐந்து மணி இருபது நிமிட அளவில் எங்கள் இல்லத்துக்குள் ஒரு முழு பிரட் பாக்கெட் எழுந்தருளியது. துண்டுகள் பதினாறு, ஓரங்கள் இரண்டும் சேர்த்து. கொண்டுவந்தவர் என் தாயார் சண்முகத்தாய். பெற்றுக்கொண்டவர் என் அக்கா பொன்செல்வி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, காய்ச்சலில் முதல் நாள். வேடிக்கை பார்த்தவர் அடியேன் கழுகாசலம், பதினொன்றாம் வகுப்பு, ஆரோக்கியவான், ஆகவே அபாக்கியவான்.

மனு கொடுத்துப் பார்த்தேன்.

"ம்மா, ஒரே ஒரு துண்டு."

"ஏல, அது காய்ச்சக்காரிக்கு வாங்குனது. உனக்கு தோசை ஊத்துதேன்."

"தோசை வேண்டாம்."

"நீ நல்லாத்தான இருக்க. நல்லா இருக்கவன் எதுக்குல பிரட்டு திங்கணும்?"

இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் வீட்டின் அரசியல் சட்டம். எங்கள் வீட்டில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஊரே இப்படித்தான் இருக்கிறது. சாயங்காலம் பிரட் வாங்கக் கடைக்குப் போனபோது, பேக்கரிக்காரர் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே "யாருக்குத் தம்பி காய்ச்சல்?" என்று கேட்டார். அரிசி வாங்கினால் யாருக்கு என்ன நோய் என்று கேட்கிறார்களா? பிரட் என்பது பெரிய சைஸ் மாத்திரை என்று இந்த ஊரில் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

(கடைக்குப் போனது அம்மா, நான் கூடப் போனேன். பாக்கெட்டைச் சுமந்து வந்தது நான். ஆனால் கொண்டுவந்தவர் அம்மா என்றே பதிவாகும். சரித்திரம் இப்படித்தான் எழுதப்படுகிறது.)

ஜூன் 25, செவ்வாய்

அக்கா தின்று முடித்துவிட்டு இரண்டு ஓரத் துண்டுகளை எனக்குக் கொடையளித்தாள். வள்ளல். அது பிரட் இல்லை, பிரட்டின் சட்டை.

ஜூன் 26, புதன்

என் கோபத்துக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? இதோ.

என் நண்பன் ஜெரோம் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா தோசைக்கல்லைக் காயவைத்து, பிரட் துண்டுகளை இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டி, சூடு ஆறுவதற்குள் வெண்ணெயைத் தடவி, மேலே சீனியைத் தூவி, ஆளுக்கு மூன்று கொடுத்தார். வெண்ணெய் உருகிப் பிரட்டுக்குள் இறங்குகிறது. சீனி மட்டும் உருகாமல் மேலேயே நிற்கிறது. கடிக்கும்போது முதலில் மொறுமொறு, பிறகு மெத்து, நடுவில் நறநற. மூன்று சத்தம் போடுகிற பலகாரம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாருக்கும் இல்லையேப்பா, நாலு மணிக் காப்பிக்கு."

நம்பாமல் ஜெரோமின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

எங்கள் வீட்டில் வெண்ணெய் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மா தினமும் பாலாடையைச் சேர்த்துவைத்து, வாரத்துக்கு ஒரு முறை மிக்சியில் அடிப்பாள். வெள்ளையாக, பந்துபோலத் திரண்டு வரும். அதை ஒரு சின்னத் தூக்குவாளியில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பாள். வாளி நிறைந்ததும் முருங்கைக்கீரை போட்டு உருக்கி நெய்யாக்கிவிடுவாள். பச்சை வெண்ணெயை யாரும் தொடக் கூடாது, சளி பிடிக்குமாம். இன்று அக்கா கட்டிலில் உட்கார்ந்து பிரட்டைப் பாலில் முக்கிக்கொண்டிருந்தபோது, "வெண்ணெய் தடவித் தின்னேன்க்கா, எனக்கும் ஒண்ணு குடேன்" என்றேன். அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது: "காய்ச்சலோட வெண்ணெயா? செமிக்காதுல."

ஆக, நோய் இருந்தால் பிரட் உண்டு, வெண்ணெய் கிடையாது. நோய் இல்லாவிட்டால் வெண்ணெய் வீட்டில் இருக்கும், பிரட் கிடையாது. இரண்டும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒரே தட்டில் ஒருநாளும் சந்திக்க முடியாது. சூரியனும் நிலாவும்கூடச் சில சாயங்காலங்களில் ஒன்றாகத் தென்படுகின்றன.

இன்னொரு அநியாயம். என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைக் காணவில்லை. கணக்கு, அறிவியல் இரண்டும். ஜியாமெட்ரி பாக்ஸையும் காணவில்லை. அக்கா பழைய பேப்பர் கடையில் போட்டிருப்பாள் என்று குற்றம் சாட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மிக்சியைப் போட்டாள். மிக்சி சத்தத்தில் என் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

ஜூன் 28, வெள்ளி

இன்று நான் செய்த காரியம் வருங்காலச் சந்ததிக்குத் தெரிய வேண்டும். குடும்பத்தினர் எல்லோருக்கும் முன்னேற்ற அறிக்கை தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

அப்பா (லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போயிருக்கிறார்): வருகைப்பதிவு மோசம். வந்தால் தூக்கம். அக்கா: காய்ச்சல் 100, கருணை 0. அம்மா: சமையல் 98, சட்டம் ஒழுங்கு 100, ஆங்கிலம் – ஏபிசிடியில் எஃப் வரை மட்டும் பழக்கம், கணக்கு – பால்காரரோடு சண்டை போடும் அளவுக்கு உண்டு. குறிப்பு: மாணவி நர்சரிப் பள்ளியில் பத்து வருடமாக ஆயாவாக இருந்தும் எல்.கே.ஜி. தாண்டவில்லை. பெற்றோர் வந்து ஆசிரியரைப் பார்க்கவும். ஒப்பம், கழுகாசலம், தலைமையாசிரியர்.

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் அத்தை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எளிதில் சிரிக்கிற ஆள் கிடையாது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போனாள். அரை மணி நேரம் கழுவினாள். ஒரு தட்டுதான்.

அக்கா மட்டும் தாளைக் கிழித்துக் கசக்கி என் தலையில் எறிந்தாள். கலையை மதிக்கத் தெரியாத குடும்பம்.

ஜூன் 30, ஞாயிறு

மாவு ஆட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏல கழுகு, உருளைக்குக் கன அளவு எப்படிக் கண்டுபிடிக்க?"

"வேக வச்சா, உப்புப் போட்டாம்மா?"

"என்னது?"

"உருளைக்கு. கிழங்குதான?"

அம்மா சிரித்தாள். "ஆமால, கிழங்குதான்" என்று கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ ஆரம்பித்தாள். நர்சரியில் பிள்ளைகள் யாராவது கேட்டிருக்கும்போல. ஆனால் எல்.கே.ஜி. பிள்ளைகள் உருளையின் கன அளவு எல்லாம் எதற்குக் கேட்கின்றன? இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள் அக்கிரமம்.

இன்று வெண்ணெய் வாளி முக்கால் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் உருக்கிவிடுவாள். காலம் குறைவு.

ஜூலை 2, செவ்வாய்

அம்மா காலையிலேயே நீல நிறப் பட்டுக்கரை சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஸ்கூலில் மீட்டிங்காம். காலையில் ஆறு மணிக்கே எலுமிச்சைச் சோறு கிண்டி மூடி வைத்துவிட்டாள். ஆயாக்களுக்கு என்ன மீட்டிங், யார் மூக்கை யார் துடைப்பது என்றா? என்று கேட்டேன். அக்கா என் காலை மிதித்தாள். அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பலம் வந்துவிட்டது.

எலுமிச்சைச் சோற்றில் கடலையே இல்லை.

இதற்கு மேல் பொறுப்பதற்கில்லை. ஆரோக்கியவான்களுக்கு நியாயம் கிடைக்காத வீட்டில் நோயாளி ஆவதைத் தவிர வேறு வழி இல்லை. முதலில் பிரட்டைக் கைப்பற்றுவது. பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்து வாளியை நெருங்குவது.

ஜூலை 4, வியாழன்

அம்மாவுக்கு இன்றும் மீட்டிங், இன்றும் அதே நீலச் சேலை. ஆனால் மத்தியானம் திரும்பி வந்தவள் முகம் வேறு மாதிரி இருந்தது. தலைவாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அடுக்களைக்குள் குசுகுசுத்துச் சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. மாவு புளிச்சிட்டு" என்றாள் அக்கா.

புளித்த மாவுக்கு இப்படியா சிரிப்பார்கள்? இந்த வீட்டில் எனக்கு மட்டும் பிரட்டும் கிடையாது, ஜோக்கும் கிடையாது.

மாலை ஆறு மணிக்குப் "பசிக்கலைம்மா" என்றேன். அம்மா பாட்டை நிறுத்தினாள்.

ஜூலை 5, வெள்ளி

வெற்றி. கூடவே தோல்வி. விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு பாடமாக வைக்கப்பட வேண்டியது.

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. (இருந்தது. அதன் பாதரசத்தை நான் விடுதலை செய்துவிட்டேன், ஏழாம் வகுப்பில்.) காய்ச்சலை அளப்பது அம்மாவின் புறங்கைதான். ஆகவே நெற்றி சுட வேண்டும், அவ்வளவுதான். டி.வி.க்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ் இரண்டு மணி நேரம் ஓடினால் இட்லி வேகவைக்கலாம். காலையில் அக்கா கல்லூரிக்குக் கிளம்பியதும், பாயை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நெற்றியையும் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தேன். பிறகு போர்வைக்குள் சுருண்டு "ம்ம்ம்" என்றேன். இந்த "ம்ம்ம்" முக்கியம். வாயைத் திறந்து முனகினால் நடிப்பு என்று தெரிந்துவிடும்.

அம்மா நீலச் சேலை கட்டி, கையில் பிளாஸ்டிக் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். வந்து குனிந்து தொட்டாள்.

"எய்யா, அனலாக் கொதிக்கே."

"தலை வலிக்கும்மா. கண்ணு எரியுது."

பக்கத்துத் தெருவில் போன வாரம் ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று பேச்சு. அந்தப் பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அது எனக்கு நன்றாகவே உதவியது. அம்மாவின் கை என் கழுத்து, மார்பு என்று அலைந்தது. மார்பு சுடவில்லை. அங்கே செட்டாப் பாக்ஸ் வைக்க மறந்துவிட்டேன். ஆனால் அவள் பயத்தில் அதைக் கவனிக்கவில்லை.

மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால்.

"எய்யா, தங்கபுஷ்பம் அத்தைய வந்து பக்கத்துல இருக்கச் சொல்லட்டுமா? ஒரு நாலஞ்சு மணி நேரந்தான். அம்மா ஓடி வந்துருதேன்."

அத்தை என்றால் ஆபத்து. முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவர், நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் என்னை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். ஆகவே என் நடிப்பின் உச்சத்தைத் தொட்டேன். அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு, "போகாதம்மா, போகாத" என்றேன். குரல் லேசாக உடைய வேண்டும் என்று திட்டம். நன்றாகவே உடைந்தது. ஒரு கட்டத்தில் கண்ணைச் செருகிக்கொண்டு சம்பந்தமில்லாமல் இரண்டு வார்த்தை பிதற்றவும் செய்தேன்.

அம்மா கையிலிருந்த பையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பழைய பருத்திச் சேலைக்கு மாறி வந்தாள். ஈரத்துணியை என் நெற்றியில் போட்டாள். "எங்கயும் போகல, நீ தூங்கு."

பிரட் வந்தது. தங்கபுஷ்பம் அத்தையின் பேரனை அனுப்பி வாங்கினாள். இங்கேதான் தோல்வி. பாலில் ஊறப்போட்டு, கரண்டியால் மசித்து, கூழாக்கி, எனக்கு ஊட்டினாள். ஊட்டினாள். பதினாறு வயது ஆண்மகனுக்கு. வாட்டவில்லை, சீனி அரைக் கரண்டி, வெண்ணெயின் வாசனைகூட இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு உண்மையாகவே நெற்றி கொதித்தது.

பத்து மணி இருக்கும்போது அம்மா எழுந்து வாசல் வரை போனாள். தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் எண்ணினேன், பதினொரு தடவை. ஒன்றேகாலுக்கு ஒரு பெருமூச்சு விட்டாள். அப்புறம் பார்க்கவில்லை.

மீட்டிங்குக்குப் போகாவிட்டால் நர்சரி நடத்தும் மேடம் திட்டுவார்போல. திட்டட்டும். பிள்ளையைவிட மீட்டிங் பெரிதா?

மாலையில் காய்ச்சலை லேசாகக் குறைத்துக்கொண்டேன், ஏனென்றால் அம்மா "நாளைக்கும் இருந்தா ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றாள். ஊசிக்கு எதிரான கொள்கை உடையவன் நான். நோயாளியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோர் கையிலும் பிரட். தங்கபுஷ்பம் அத்தை ஒன்று, மாடி வீட்டு டெய்லர் ஒன்று, ஜெரோம் ஒன்று, அம்மாவோடு வேலை பார்க்கும் ஆயா ஒருவர் பிரட்டும் ஆரஞ்சும். அத்தை என் நாக்கைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். நான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டேன்.

ஆக இப்போது வீட்டில் ஐந்து பாக்கெட் பிரட் இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒரு வாளி வெண்ணெய். நடுவில் ஒரு நோயாளி, தன் ஆஸ்கார் விருதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறான்.

ஜூலை 6, சனி

சந்திப்பு நடந்தேறியது.

அம்மா காலையில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு நீலச் சேலையில் கிளம்பினாள். பத்தரை மணிக்கு அக்கா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். அந்த நேரம் போதும் எனக்கு.

தோசைக்கல்லை வைத்தேன். நாலு துண்டுகளைச் சிறுதீயில் வாட்டினேன். வெண்ணெய் வாளியைத் திறந்தால் மேலே பனித்துளி மாதிரி நீர். விரலால் வழித்துத் தடவினேன். கரண்டி எல்லாம் சம்பிரதாயம். வெண்ணெய் பிரட்டின் கண்களுக்குள் இறங்கி, அடிப்பக்கம் எட்டிப் பார்த்தது. சீனி தூவினேன். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டே தின்றேன். முதல் கடியில் கண் மூடிக்கொண்டது. எங்கள் வீட்டு வெண்ணெய் ஜெரோம் வீட்டுக் கடை வெண்ணெயைவிட உசத்தி. லேசாக ஒரு புளிப்பு, பாலாடை வாசனை, நாக்கில் பட்டதும் காணாமல் போகிற குணம். உலகத்தில் யாருக்கும் எதற்காகவும் கோபப்பட வேண்டியதில்லை என்று தோன்றியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"காய்ச்ச எப்படி இருக்கு?"

அக்கா. கையில் காலி வாளி.

"இப்பதான் விட்டுச்சு" என்றேன், வாய் நிறைய.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

"நேத்தும் இப்படித்தானா?"

சீனி டப்பாவை மூடி வைத்தேன். அதுவே பதில்.

"நேத்து அம்மாவுக்குப் பரீட்சைல."

"என்ன பரீட்சை?"

"பத்தாவது. பிரைவேட்டா எழுதுதா. நேத்து கணக்கு."

நான் சிரித்துவிட்டேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். எல்.கே.ஜி. தாண்டாத மாணவி என்று நான் ஒட்டிய தாள் ஞாபகம் வந்து, சிரிப்பு தானாக வந்துவிட்டது.

"பாத்தியா? இந்தச் சிரிப்புக்குத்தான் உங்கிட்ட சொல்லல" என்றாள். "அப்பாவுக்குத் தெரியும். தங்கபுஷ்பம் அத்தைக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியும். பாஸானா ஆகஸ்டுல ஆபீஸ்ல ரெஜிஸ்டர் எழுதுத வேலைக்கு வச்சுக்கிடுதேன்னு சொல்லிருக்காங்க. பத்து வருஷமா பிள்ளைகளுக்குக் கால் கழுவி விட்டவ. உன் பத்தாவது பரீட்சை முடிஞ்சதுல இருந்து உன் புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சுப் படிக்கா. நீ வெளிய போன பெறவு படிப்பா, நீ வாரதுக்குள்ள ஒளிச்சு வச்சிருவா. மத்த பாடத்துல எல்லாம் பயந்தா. கணக்குல மட்டுந்தான் பயமில்ல. அதைத்தான் எழுதல."

எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் வீட்டில், என் புத்தகத்தில், என் ஜியாமெட்ரி பாக்ஸில். இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? நான் கேலி செய்வேன் என்று இவர்களாக முடிவு செய்ய இவர்கள் யார்?

ஆனாலும் நான் கழுகாசலம். தட்டில் நாலாவது துண்டு இருந்தது. எடுத்து வாயருகே கொண்டுபோனவன், அப்படியே கீழே வைத்துவிட்டேன். தொண்டையில் இறங்காது என்று தெரிந்துவிட்டது. அம்மா மத்தியானம் அறிவியல் எழுதிவிட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தலை நிமிர்ந்து, "அம்மா, குற்றவாளி உன் எதிரில் நிற்கிறேன்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா கண்கலங்கி என் தலையைத் தடவி, "உண்மையச் சொன்ன பாத்தியா, அது போதும்" என்றாள். இவ்வாறு நீதி நிலைநாட்டப்பட்டது.

ஜூலை 7, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை. பசியும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

சனிக்கிழமை எழுதியதில் கடைசிப் பத்தி பொய்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அக்காவின் காலில் விழாத குறை. அவள், "நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும், எத்தனை நாள் தாங்குதன்னு பாக்கேன்" என்று போய்விட்டாள். மூன்று நாளாக அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கிறது.

இன்று சமூக அறிவியல், கடைசிப் பரீட்சை. கிளம்பும்போது வாசலில் தங்கபுஷ்பம் அத்தையிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"கணக்கு போச்சேம்மா."

"போனாப் போவுதுக்கா. அவன் என் சேலையப் பிடிச்சுக்கிட்டு போகாதம்மாங்கான். என்னைக்கு அவன் அப்படிக் கேட்டுருக்கான்? சின்னப் பிள்ளைல கேட்டது."

அத்தை ஒரு தடவை இருமினார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அம்மா வந்தாள். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். வீர வசனம் எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்:

"ம்மா, செட்டாப் பாக்ஸ் ரொம்பச் சுடுது."

"ஆமா. பழசாயிட்டு."

"இல்லம்மா. அதுல நெத்திய வச்சா நெத்தி சுடும்."

அம்மா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு கவளம் போயிற்று. மூன்றாவது கையிலேயே நின்றது.

"வெள்ளிக்கிழம காய்ச்ச இல்லையா?"

"இல்ல."

சோற்றுக் கையோடு இடது புறங்கையை நீட்டி என் நெற்றியில் வைத்தாள். பழக்கம். "அப்ப ரத்தம் எடுக்க வேண்டாம்" என்றாள். மூச்சு விட்டாள். அந்த நிம்மதிதான் என்னை அழவைத்தது. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன், திட்டுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. மூக்கை ஒழுகவிட்டு அழுதேன், நர்சரிப் பிள்ளை மாதிரி. அம்மா துடைத்துவிடவில்லை.

"எதுக்குல?"

"பிரட்டுக்கு. வெண்ணெய் போட்டுத் திங்கணும்னு."

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டுருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"கேட்டேம்மா."

"ஆமா. கேட்ட." தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "நானும் உங்கிட்ட சொல்லிருக்கலாம். சொன்னா சிரிப்பன்னு இருந்துட்டேன்."

சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "சிரிச்சிருப்பேம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். எழுந்து கையைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "மேடம் வேற ஆளப் போட்டுக்கிடட்டும். மார்ச்சுல கணக்கு மட்டும் எழுதிக்கிடுதேன். அன்னைக்கு நீ திருநெல்வேலிக்கு உங்க பெரியப்பா வீட்டுக்குப் போயிரு."

"சரிம்மா."

"முந்தின நாளே போயிரு."

"சரிம்மா."

அதற்குப் பிறகு பேசவில்லை. இதை எழுதும்போது மணி ஆறு, இன்னும் பேசவில்லை. அக்கா என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள். பாராட்டா, அனுதாபமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, அக்கா பார்த்தாள் என்பதால் அவளிடம் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை அந்த நாலாவது துண்டை நான் கீழே வைக்கவில்லை. கணக்குப் பரீட்சை, ரெஜிஸ்டர் வேலை, அரிசி டிரம் எல்லாவற்றையும் அக்கா சொல்லி முடித்த பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தின்றேன். ஆறிப்போயிருந்தது. தொண்டையில் நன்றாகவே இறங்கியது. ருசியாகவும் இருந்தது.